பொன்னிழையும் நான்கு விரல் அளவும்

ஜரிகையை அறியாத வீடு நம்மிடையே இல்லை. நிக்காஹ் சேலையின் முந்தானையிலும், மாப்பிள்ளையின் தொப்பியிலும், உம்மாமார் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் பழம்பட்டிலும் அது மின்னிக்கொண்டிருக்கிறது. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, மெல்லிய நாடாவாகத் தட்டி, பட்டு இழையின்மேல் சுற்றி, பொன் முலாம் பூசினால் கிடைப்பது அசல் ஜரிகை. அதைத் தறியில் நெய்வது ஒரு கலை. நெய்து முடிந்த துணியின்மேல் ஊசியால் தைத்து எழுப்புவது மற்றொரு கலை. பின்னதற்கு ஜர்தோசி என்று பெயர். பாரசீக மொழியில் 'ஜர்' என்றால் பொன், 'தோசி' என்றால் தையல். நம் பக்கத்து ஆரி வேலைக் கடைகளிலோ அந்தச் சுருள் கம்பித் துண்டையே ஜர்தோசி என்கிறார்கள். தொழிலின் பெயர் பொருளுக்கு இறங்கிவிட்டது. எனினும் அந்தச் சொல் நெடுந்தொலைவு பயணம் செய்து நம் ஊர்த் தையற்கடையை அடைந்திருக்கிறது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

இக்கலையின் வரலாற்றை அரசர்களின் அவையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நாம் அதற்கும் முன்னதாக, அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் வீட்டிலிருந்து தொடங்க விரும்புகிறோம். நபி (ஸல்) அவர்களின் ஜுப்பா ஒன்றை அவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அது பாரசீகப் பாணியில் அமைந்த மேலங்கி. கழுத்துப் பட்டியிலும் ஓரங்களிலும் பூவேலைப் பட்டு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் தடுக்கப்பட்டவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதே மார்க்கம் இரண்டு, மூன்று, நான்கு விரல் அளவுப் பட்டுக்கு ஆண்களுக்கும் இடம் கொடுத்தது என்பதை உமர் (ரலி) அவர்கள் ஜாபியாவில் ஆற்றிய உரையின் வாயிலாக அறிகிறோம். பொன்னிழை ஓரத்துக்கும் இந்த நான்கு விரல் அளவை 'துர்ருல் முக்தார்' போன்ற ஹனஃபி நூல்கள் ஏற்கின்றன. பொன் விஷயத்தில் ஷாஃபிஈ நூல்கள் கூடுதல் கண்டிப்புடையவை. பெண்களுக்கு இரண்டும் ஆகுமானவை. ஆக, அழகைத் துடைத்தெறிவது சட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. அது ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்தது.

அரசர்கள் அந்த அளவுகோலை எப்படிக் கையாண்டார்கள் என்பது வேறு கதை. அப்பாஸிய, ஃபாத்திமியக் காலங்களில் 'திராஸ்' என்னும் பெயரில் அரசு நெசவுச் சாலைகள் இருந்தன. எகிப்தின் தின்னீஸும் திம்யாத்தும் அதற்குப் பேர்போன ஊர்கள். கலீஃபாவின் பெயரை ஆடையின் ஓரத்தில் பொறிப்பது ஆட்சியின் அடையாளமாகவே கருதப்பட்டது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் திராஸுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். அரசர்களின் பெயரைப் பொன்னிழையால் ஆடையில் பொறிக்கும் வழக்கத்தையும், அதை மேற்பார்வையிடத் தனி அதிகாரி இருந்ததையும் அவர் விவரிக்கிறார். இந்தியாவில் அக்பரின் அரண்மனைப் பட்டறைகள் இத்தொழிலைப் பேணின. அபுல் ஃபஸலின் 'ஆயினே அக்பரி' ஜர்தோசித் துணியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அரண்மனைகள் மறைந்த பின்னும் லக்னோ, ஆக்ரா, பரேலி, போபால் நகரங்களின் முஸ்லிம் குடும்பங்கள் மரச்சட்டத்தின் முன் குனிந்து அமர்ந்து இத்தொழிலைக் காத்து வருகின்றன. கம்பி இழுக்கும் தொழிலுக்குச் சூரத் தலைநகராயிற்று. சூரத்திலிருந்து வந்த ஜரிகையே நெடுங்காலம் காஞ்சிபுரத்துத் தறிகளையும் அலங்கரித்தது. தமிழகத்திலேயே ஜரிகை தயாரிப்பதற்காகக் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை ஆலையை அரசு நிறுவியது 1970-களில்தான்.

மன்னர் பெயரைச் சுமந்த இதே பொன்னிழை, அல்லாஹ்வின் வசனங்களைச் சுமந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது கஅபாவின் கிஸ்வா. மக்கா வெற்றிக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டுத் துணியால் கஅபாவைப் போர்த்தினார்கள் என்பது வரலாறு. உமர் (ரலி), உஸ்மான் (ரலி) காலங்களில் எகிப்தின் வெண்ணிறக் 'கபாத்தி' துணி போர்த்தப்பட்டது. கறுப்பு நிறம் நிலைபெற்றது அப்பாஸியக் காலத்தின் பிற்பகுதியில். பின்னர் பல நூற்றாண்டுகள் எகிப்தே கிஸ்வாவை அனுப்பியது. கெய்ரோவின் குருன்ஃபுஷ் பகுதியில் அதற்கெனவே ஒரு தொழிற்கூடம் இயங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் எழுத்தணியை வரைந்தவர்களுள் உஸ்மானியக் கலைஞர் அப்துல்லாஹ் ஸுஹ்தீ புகழ்பெற்றவர்.

இந்த வரலாற்றில் நம் நாட்டவர் அதிகம் அறியாத ஓர் ஏடு உண்டு. 1926-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது எகிப்திய மஹ்மல் ஊர்வலத்தை ஒட்டி மோதல் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து கிஸ்வா வரவில்லை. அதனால் மன்னர் அப்துல் அஸீஸ் 1927-இல், அதாவது ஹிஜ்ரி 1346-இல், மக்காவின் அஜ்யாத் பகுதியிலேயே ஒரு தொழிற்கூடம் அமைக்க ஆணையிட்டார். தறியும் ஊசியும் ஏந்த எங்கிருந்து கைகள் வந்தன தெரியுமா? இந்தியாவிலிருந்து. கடல் கடந்து சென்ற இந்திய நெசவாளர்களும் பூத்தையற்காரர்களுமே அங்கே அமர்ந்து, முதன்முதலாக மக்காவில் நிறுவப்பட்ட அந்தத் தொழிற்கூடத்தில் கிஸ்வாவை உருவாக்கினர். சுமார் பத்தாண்டுகள் அந்தக் கூடம் இயங்கியது. எகிப்துடன் உறவு சீரானபின் மீண்டும் கெய்ரோவிலிருந்து துணி வந்தது. 1962-இல் அதுவும் நின்றது. அன்று முதல் கிஸ்வா மக்காவிலேயே தயாராகிறது. உம்முல் ஜூதில் உள்ள இன்றைய தொழிற்கூடம் 1977-இல் திறக்கப்பட்டது.

அங்கே வேலை நடக்கும் விதத்தை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். எழுத்தின் வடிவத்தைக் கறுப்புப் பட்டின்மேல் அச்சிட்டுக்கொள்கிறார்கள். அதன்மேல் பருத்தி நூலைத் திணித்து மேடாக்குகிறார்கள். பின்னர் பொன் முலாம் பூசிய வெள்ளியிழையை அந்த மேட்டின்மீது நெருக்கமாக வைத்துக் கையால் தைக்கிறார்கள். ஒரு கிஸ்வாவுக்குச் சுமார் 670 கிலோ பட்டும், 120 கிலோ பொன்னிழையும், 100 கிலோ வெள்ளியிழையும் செலவாகின்றன. இடைப்பட்டியின் சுற்றளவு மட்டும் சுமார் 47 மீட்டர். இன்றைய எழுத்தணிக் கலைஞர் முக்தார் ஆலம் வங்காளதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். அவருக்கு 2021-இல் சவூதிக் குடியுரிமை வழங்கப்பட்டது. தைப்பவர்களின் பெயரோ வெளியே தெரிவதில்லை.

தெரியாமல் போவதில் பெருமையும் உண்டு, இழப்பும் உண்டு. நம் தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாய் நெய்யும் முஸ்லிம் பெண்களை எண்ணிப் பாருங்கள். கோரையைப் பட்டுப்போல் மெல்லிதாகக் கிழித்து, மணமக்களின் பெயரைப் பாயில் நெய்து கொடுப்பவர்கள் அவர்கள். பாயில் அவர்கள் பெயர் இருக்காது. ஆரி வேலையிலும் இதே நிலைதான். சமிக்கி வைத்து, மணி கோத்து, ஒரு ரவிக்கைக்குப் பல இரவுகள் கண் விழிக்கும் சகோதரிக்கும், அதை வாங்குபவருக்கும் இடையே எத்தனை கைகள் மாறுகின்றனவோ, அத்தனை இடத்திலும் கூலி கரைகிறது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மேடையில் நாம் அடிக்கடி கேட்கிறோம். தையற்கூலியைப் பெருநாள் கழித்துத் தருகிறோம் என்று சொல்லும் வீடுகளும் நம்மிடையே உள்ளன.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். "பழைய பட்டுச்சேலை, ஜரிகை வாங்குறோம்" என்ற குரல் நம் தெருக்களுக்குப் புதிதன்று. எடை போடாமல், கண்ணளவில் ஒரு விலை சொல்லி வாங்கிச் செல்பவர் அதைத் தீயிலிட்டு வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார். காஞ்சிபுரத்து அசல் ஜரிகையின் மரபான அளவில் வெள்ளி 57 விழுக்காடு. பொன் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆகவே 200 கிராம் ஜரிகை உள்ள சேலை ஒன்றில் ஏறத்தாழ 114 கிராம் வெள்ளி இருக்கும். அசலைச் சுரண்டினால் உள்ளே செந்நிறப் பட்டிழை தெரியும் என்பது நெசவாளர் சொல்லும் அடையாளம். செம்புக் கம்பியில் செய்ததையும் பிளாஸ்டிக் இழையில் செய்ததையும் அசல் என்று சொல்லி விற்பது, எடையில் குறைப்பதற்கு இணையான மோசடியே.

ஓத வரும் பிள்ளைகளின் தாய்மார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றும் இதனோடு சேர்ந்தது. சேலையிலுள்ள வெள்ளிக்கு ஜகாத் உண்டா? மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்களின் 'பிஹிஷ்தீ ஸேவர்' நகையோடும் பாத்திரத்தோடும் அசல் ஜரிகைப் பட்டியையும் சேர்த்தே ஜகாத்துக்குரிய பொருளாகக் கூறுகிறது. ஹனஃபிகள், நிஸாபாகிய சுமார் 612 கிராம் வெள்ளியின் கணக்கில், வீட்டு நகையோடு இதையும் சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு ஆகுமான அணிகலனுக்கு ஜகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அவர்கள் தம் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளலாம். எந்த மத்ஹபினராயினும், தெருவில் குரல் கேட்டதும் பெட்டியைத் திறந்துவிடாமல், நம்பிக்கையான வெள்ளிக்கடை ஒன்றில் முதலில் நிறுத்துப் பாருங்கள்.