கவுனி முதல் காவலர் சாவடி வரை: சென்னை நகர விரிவாக்கமும் மதில்சூழ் குடியிருப்புகளும்

வடசென்னையில் யானைக்கவுனி என்னும் பெயர் வழங்குகிறது, கவுனி இல்லை. அதனை அடுத்துள்ள வால்டாக்ஸ் சாலையின் பெயர், மதிலுக்கு ஆகும் செலவை நகரவாசிகளிடமே வரியாகத் தண்டக் கிழக்கிந்தியக் கம்பெனி முனைந்ததைக் காட்டுகிறது. ஹைதர் அலியின் படையெடுப்பு அச்சத்தில், 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த அம்மதிலின் எச்சம் இன்று மாடிப் பூங்காவில் மட்டுமே காணக்கிடைக்கிறது. நகரைப் பிரிக்கும் மதிலுக்கு எவர் பொருள் தருவது, அதன் வாயிலில் எவர் நிறுத்தப்படுவது என்னும் வினாக்கள் சென்னைக்குப் புதியன அல்ல.

கோட்டையைச் சூழ்ந்த வெள்ளையர் நகரம், அதன் வடக்கே கறுப்பர் நகரம் என்ற பாகுபாடு பலரும் அறிந்தது. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகைக்குப் பின் பழைய கறுப்பர் நகரம் முற்றிலும் அகற்றப்பட்டு வெற்றுத் திடலாக்கப்பட்டது. இன்றைய உயர் நீதிமன்றம் அந்நிலத்தில்தான் நிற்கிறது. இவ்வெளிக்குப் படைத்துறைக் காரணமே முதன்மையானது எனினும், அது இனப் பிரிவினையையும் நிலைப்படுத்தியது. பிரிவினை முழுவதையும் ஆங்கிலேயர் கணக்கில் எழுதுவதும் பொருந்தாது. 1652, 1707 ஆகிய ஆண்டுகளில் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே மூண்ட பூசல்களில் எத்தெருவில் எவர் ஊர்வலம் செல்லலாம் என்பது பெரும் சிக்கலாக இருந்தது. தெரு என்பது பொதுவழி அன்று, ஒரு குழுவின் உரிமை என்னும் கருத்து அங்கு வேரூன்றியிருந்தது.

சாவோ பாவுலோ நகரின் மதில்களை ஆராய்ந்த தெரேசா கால்தெய்ரா, குற்றம் பற்றிய அச்சப்பேச்சை அவற்றின் அடிப்படையாகக் கண்டார். அவ்விளக்கத்தைச் சென்னைக்கு அப்படியே பொருத்த இயலாது. பழைய மகாபலிபுரம் சாலையில், 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் 'கேட்டட் கம்யூனிட்டி' எனப்படும் குடியிருப்புகள் பெருகியபோது, குழாய்நீரும் பாதாளச் சாக்கடையும் அவற்றுடன் வரவில்லை. தண்ணீர் லாரி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மின்னாக்கி, காவல் ஆகியவற்றைக் குடியிருப்போர் சங்கங்களே ஏற்றன. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துபவர் உள்சாலையைத் தமது உடைமையாகக் கருதுவது இச்சூழலில் இயல்பாகிறது. அச்சத்தைவிட, உள்ளாட்சி விட்டுச்சென்ற வெற்றிடமே மதிலுக்கு வலிமை தந்தது எனலாம்.

இதே வழித்தடத்தில் அரசு வேறொரு நகரத்தையும் எழுப்பியது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடு கட்டித் தருவது அதன் முதன்மைப் போக்கு. 2000ஐ ஒட்டி அப்போக்கு மாறியது. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டனர். அங்கு மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. பின்னர்ச் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் சேர்ந்தன. இவற்றிலிருந்து வீட்டுவேலைக்கும் துப்புரவுக்கும் காவலுக்கும் செல்வோரின் உழைப்பில்தான் அருகிலுள்ள மதில்சூழ் குடியிருப்புகள் இயங்குகின்றன. ஆகவே மதில் இரு சாராரையும் முற்றிலும் விலக்கவில்லை. நுழைவை நேரத்துக்கும் அடையாள அட்டைக்கும் உட்படுத்துகிறது. பழைய தெருவுரிமையில் சாதியின் பெயர் வெளிப்படையாக ஒலித்தது. இங்கு ஒலிப்பது உடைமைப் பத்திரமும் சங்க விதியும்.

சட்டம் இதில் நடுநிலையாக இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களில், சாலை நீங்கலான நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குக் கொடைப்பத்திரம் எழுதித்தர வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அந்நிலம் சட்டப்படி பொதுவுடைமை. ஆனால் அதற்குச் செல்லும் ஒரே வழி காவலர் சாவடியைக் கடந்து அமையுமாயின், கண்ணகி நகர்ச் சிறுவன் அப்பூங்காவில் விளையாட எவரிடம் இசைவு கேட்பான் என்பதற்கு விதியில் விடையில்லை. திறந்தவெளி ஒதுக்கீடு குறித்த வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவ்வழக்குகளை நில உடைமைத் தகராறாக மட்டும் வாசிக்காமல், 1707இன் தெருப்பூசலோடு ஒரே வரிசையில் வைத்து ஆராய இடமுண்டு.