அணைந்த விளக்கும் இறங்காத தண்டும்

1952 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை பிற்பகல். கனடாவில் ஒட்டாவா ஆற்றங்கரையில் இருக்கும் சாக் ரிவர் ஆய்வு நிலையத்தின் என்.ஆர்.எக்ஸ். அணு உலை குறைந்த சக்தியில் ஒரு சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சோதனைக்காகச் சில யுரேனியத் தண்டுகளுக்குக் குளிர்நீர் ஓட்டத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

உலையை நிறுத்துவதற்கென்றே 12 தண்டுகள் உண்டு. நியூட்ரான்களை விழுங்கும் இந்தத் தண்டுகள் உள்ளே இறங்கினால் அணுப்பிளவு நின்றுவிடும். காற்றழுத்தமும் மின்காந்தமும் சேர்ந்து அவற்றை இயக்கின.

அடித்தளத்தில் இருந்த ஊழியர் ஒருவர் தவறான வால்வுகளைத் திறந்துவிட்டார். சில தண்டுகள் மேலே எழும்பின. கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்குகள் எரிந்ததும் மேற்பார்வையாளர் கீழே ஓடி வால்வுகளைச் சரிசெய்தார். விளக்குகள் அணைந்தன. தண்டுகள் இறங்கிவிட்டன என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் விளக்கு அணைந்ததற்கு, தண்டு உச்சியை விட்டு நகர்ந்தது என்றுதான் பொருள். அடிவரை போய்ச் சேர்ந்ததா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. சில தண்டுகள் விளக்கு அணையும் அளவுக்கு மட்டும் இறங்கி நடுவழியில் சிக்கியிருந்தன.

அடுத்து மேற்பார்வையாளர் கீழிருந்தே தொலைபேசியில் மேலே உத்தரவு கொடுத்தார். 4, 3 ஆகிய பட்டன்களை அழுத்தச் சொல்ல வேண்டிய இடத்தில் 4, 1 என்று சொல்லிவிட்டார். சொன்ன மாத்திரத்தில் பிழை அவருக்கே உறைத்தது. அதற்குள் மேலே இருந்தவர், இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்துவதற்காக ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் நான்கு தண்டுகள் மேலே ஏறின.

சுமார் 20 விநாடியில் நிலைமை விளங்கியது. அவசர நிறுத்தப் பட்டனைத் தட்டினார்கள். ஏறிய நான்கில் ஒன்றுதான் இறங்கியது. அதற்கும் ஒன்றரை நிமிடம் பிடித்தது. இதற்கிடையே ஓட்டம் குறைந்திருந்த குழாய்களில் நீர் கொதித்து ஆவியானது. இந்த உலையில் சாதாரண நீர் குளிர்விப்பதோடு கொஞ்சம் நியூட்ரான்களையும் விழுங்கிவந்தது. நீர் போனதும் அந்தத் தடையும் போயிற்று. 30 மெகாவாட் உலையின் சக்தி 60-க்கும் 90-க்கும் இடையே எகிறியது. அலுமினிய உறைகள் உருகின. கடைசியில், நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்து அணுப்பிளவைத் தொடரவைக்கும் கனநீரைத் திறந்து வெளியே கொட்டித்தான் உலையை அடக்கினார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அடித்தளத்தில் சுமார் 45 லட்சம் லிட்டர் கதிரியக்க நீர் தேங்கியது. அதை ஆற்றில் விடாமல் தொலைவில் மணற்பாங்கான இடத்தில் வெட்டிய பள்ளங்களுக்குக் குழாய் வழியே கொண்டுபோனார்கள்.

பழுதுபார்ப்பு 14 மாதம் நீடித்தது. கனடா ஆட்களோடு அமெரிக்கக் கடற்படையினரும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் 28 வயது லெஃப்டினன்ட் ஜிம்மி கார்ட்டர், பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவர். பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியை அமைத்து, எந்தப் போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே போனால் ஒருவருக்கு 90 விநாடிதான் அனுமதி. உலையின் இதயமான காலாண்ட்ரியா கலனையே பெயர்த்தெடுத்துப் புதைத்துவிட்டு, புதிய கலனைப் பொருத்தினார்கள். 1954 பிப்ரவரியில் உலை மீண்டும் இயங்கத் தொடங்கி, 1993 வரை உழைத்தது.

தவறான வால்வு, தவறிய சொல் என்று மனிதர்களைக் குறைசொல்லி இந்த விபத்தை முடித்திருக்கலாம். கனடா அப்படி முடிக்கவில்லை. மனிதர் தவறுவார் என்பதைக் கணக்கில் வைத்துத்தானே நிறுத்தும் கருவியைச் செய்கிறோம். அது ஏன் சிக்கிக்கொண்டது என்று கேட்டார்கள். உலையை ஓட்டும் அமைப்பும் நிறுத்தும் அமைப்பும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இருக்க வேண்டும் என்ற கொள்கை, அணு இயற்பியலாளர் ஜார்ஜ் லாரன்ஸ் போன்றவர்களின் முயற்சியால் கனடாவின் அணுப் பாதுகாப்புக்கு அடித்தளமானது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. மும்பை டிராம்பேயில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 40 மெகாவாட் சைரஸ், கனடாவின் உதவியோடு என்.ஆர்.எக்ஸ். வடிவமைப்பைப் பின்பற்றிக் கட்டப்பட்ட உலைதான்.

சாக் ரிவரில் சிக்கல், தண்டுகள் இறங்க மறுத்தது. 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில், கையால் தூக்கிய ஒரே ஒரு தண்டு மூன்று உயிர்களைப் பறித்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)