தர்கா என்னும் அரசவை

தர்கா என்றதும் இறைநேசர் ஒருவர் அடக்கமான இடம் நம் நினைவுக்கு வருகிறது. பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்குள் கல்லறையே இல்லை. ‘தர்’ என்றால் வாசல், ‘காஹ்’ என்றால் இடம். வாசல் என்ற பொருள் அரசனின் வாசலாகி, பிறகு அவன் கொலுவிருக்கும் அவையையே குறித்தது. முகலாயர் காலத்து எழுத்துகளில் பேரரசரின் அவைக்கும் தர்கா என்ற பெயர் உண்டு. குரு நானக்கின் பாடல்களிலோ அது இறைவனின் சபை. உயிர் தன் கணக்கை ஒப்புவிக்கும் இடம். ஆக, கேட்பவரும் முறையிடுபவரும் இருந்தால்தான் அது தர்கா. இப்படிப்பட்ட சொல் தக்காணத்தின் கோட்டை நகரங்களில் சூஃபிகளின் சமாதிக்கு நிலைத்துப்போனது வெறும் மரியாதை வழக்கு அல்ல என்பேன். அரசவை செய்துவந்த வேலையும் பெயரோடு சேர்ந்தே இடம் மாறியது.

இதற்குக் கலபுரகியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1347-இல் பாமினி அரசு தோன்றிய சில ஆண்டுகளில் தலைநகரான ஊர் அது. தைமூரின் படையெடுப்பை ஒட்டி டில்லியை விட்டு வெளியேறிய சையது முகம்மது ஹுசைனி, முதிய வயதில் இங்கு வந்து சேர்ந்தார். மக்கள் அவரை அழைக்கும் ‘பந்தே நவாஸ்’ என்ற பெயருக்கு, அடியாரைப் பேணுபவர் என்று பொருள். அரசனுக்குப் பொருந்தும் பட்டம் அது! சுல்தான் ஃபிரோஸ் ஷா முதலில் அவரை வரவேற்றார். பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கோட்டைக்கு அருகில் அவரைத் தேடிக் கூடிய கூட்டம் சுல்தானின் கண்ணை உறுத்தியது என்றும், அதனால் அவர் ஊருக்கு வெளியே இடம் மாற நேர்ந்தது என்றும் ஃபெரிஷ்தாவின் வரலாறு சொல்கிறது. கோட்டைக்குள் ஓர் அவை, வெளியே இன்னோர் அவை. வாரிசுப் போட்டியில் பெரியவரின் ஆசி ஃபிரோஸின் மகனுக்குக் கிடைக்கவில்லை, தம்பி அகமதுக்குக் கிடைத்தது. 1422-இல் அகமது அரியணை ஏறினார். அதே ஆண்டில் பெரியவர் மறைந்தார். இன்று அவர் அடங்கிய இடம் தர்கா. ஃபிரோஸ் அடங்கிய இடமோ ஹஃப்த் கும்பத், அதாவது ஏழு கும்மட்டங்கள். (நம் கும்மட்டம் அந்தக் கும்பத் என்ற சொல்லின் வழி வந்ததுதான்.) ஒரே காலத்தவர், சதுரச் சுவரும் வட்டக் கூரையுமாக ஒரே வகைக் கட்டடங்கள். இறந்த அரசனுக்குக் கூரையின் பெயர்தான் மிஞ்சியது. பிஜப்பூரிலும் இதே கதைதான்: உள்விட்டம் சுமார் 38 மீட்டர் வரும் கூரையின் கீழ் 1656-இல் மறைந்த சுல்தான் முகம்மது அடில் ஷா கிடக்கிறார், இடத்தின் பெயரோ கோல் கும்பஸ், உருண்டைக் கூரை.

பெயர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பிரியவில்லையே என்று கேட்கலாம். அதே பிஜப்பூரில் சுல்தான் இரண்டாம் இப்ராகிமின் சமாதி ‘ரௌசா’, அதாவது தோட்டம். சூஃபிகள் பலர் அடங்கிய குல்தாபாத்துக்கும் ரௌசா என்பது பழைய பெயர். உண்மை. ஆனால் ரௌசா சொர்க்கத் தோட்டத்தை வேண்டும் சொல். இறந்தவர் யாரானாலும் அவருக்காக அதை விரும்பலாம். தர்காவை அப்படி விருப்பத்தால் சூட்டிவிட முடியாது. வாசலுக்கு மக்கள் வந்தாக வேண்டும். 1707-இல் மறைந்த அவுரங்கசீப் குல்தாபாத்தில், திறந்த வானத்தின் கீழ் எளிய குழியில் கிடக்கிறார். அந்த முற்றமோ ஜைனுத்தீன் ஷீராஸியின் தர்காவைச் சேர்ந்தது. பேரரசர் அங்கே விருந்தாளி.

இன்னொரு மறுப்பு வலுவானது. துருக்கி மொழியில் ‘தெர்கா’ என்பது தர்வீசுகள் என்னும் சூஃபித் துறவிகள் வாழும் மடம். ஆகவே இந்தச் சொல் மடத்தின் வழியாகத்தான் சமாதிக்கு வந்தது, அரண்மனைக்கு இதில் பங்கில்லை என்று வாதிடலாம். மடம் நடுவே வந்திருக்கலாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மடம் மட்டும் இருந்தால் இத்தனை அரச அடையாளங்கள் எதற்கு? இறைநேசர் ‘ஷா’, அதாவது அரசர், ஆகிறார். அவர் வழிவந்தவர் தொழுகை விரிப்பில் அமர்ந்து, ‘சஜ்ஜாதா நஷீன்’ என்ற பெயரில் பட்டத்துக்கு வருகிறார். பெரிய தர்காக்களில் அரண்மனைபோல் நகரா முரசு முழங்குகிறது. தமிழருக்கு இந்த நகர்வு புதிதல்ல. சிலப்பதிகாரக் காலத்தில் கோயில் என்பது அரசன் மனைக்கும் பெயர்; அரசர் போனபின் சொல் தெய்வத்திடமே தங்கிவிட்டது. நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீதை நாம் அழைப்பதும் ‘ஆண்டவர்’ என்றுதான். அங்கே 131 அடி உயர மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

என் வாதத்தைக் கடுமையாகச் சோதிப்பவர் அந்த அகமது ஷாவேதான். தலைநகரைப் பீதருக்கு மாற்றியவர், 1436-இல் மறைந்து அதன் அருகே அஷ்டூரில் அடங்கியவர். அரசர்தான், ஆனாலும் அவர் சமாதியில் ஆண்டுதோறும் உருஸ் என்னும் நினைவு விழா நடக்கிறது, இந்துக்களும் முஸ்லிம்களும் கூடுகிறார்கள், லிங்காயத் குருவான ஜங்கமர் ஊர்வலமாக வருவதும் மரபு. அப்படியானால் அரசனுக்கும் தர்கா வாய்க்கும் போலிருக்கிறதே? வாய்த்தது, ஆனால் சுல்தானாக அல்ல. மக்கள் அவருக்குத் தந்த பெயர் ‘வலி’, இறைநேசர். அதே அஷ்டூரில் வரிசையாக நிற்கும் அவருடைய வழித்தோன்றல்களின் சமாதிகள் வெறும் கும்பத்களாகவே இருக்கின்றன.