அடிபட்டவருக்கு யார் பணம் கட்டுவது? மிச்சிகன் மாநிலத்தின் கதை



அமெரிக்காவில் வசிக்கும் உங்களில் பலரிடம் இரண்டு காப்பீடுகள் இருக்கும். ஒன்று காருக்கு, மற்றொன்று உடல்நலத்துக்கு. விபத்தில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவை எது ஏற்கும்? அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கார்த் தொழிலுக்குப் பேர்போன மிச்சிகன் மாநிலத்தின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முன்பெல்லாம், தவறு எதிராளியுடையது என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் அவரிடமிருந்து பணம் கிடைக்கும். வழக்கு முடிவதற்குள் குடும்பம் கடனாளியாகிவிடும். இதை மாற்ற 1973 அக்டோபர் 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. தவறு யாருடையதாக இருந்தாலும், அடிபட்டவரின் சிகிச்சைச் செலவைக் கார் காப்பீடு தர வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டவருக்கு வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவும் ஆயுள் முழுக்கக் கிடைத்தது.

சுமையைப் பங்கிடவும் வழி இருந்தது. உடல்நலக் காப்பீடு முதலில் கட்டும், மீதியைக் கார் காப்பீடு கட்டும் என்று எழுதிக்கொண்டால் பிரீமியம் குறையும்.

அப்படியும் பிரீமியம் ஏறிக்கொண்டே போனது. டெட்ராய்ட் நகரில் பலர் காப்பீடே இல்லாமல் கார் ஓட்டினார்கள். ஆகவே 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 ஜூலை முதல் வரம்பில்லாத காப்பீடா, 5 லட்சம் டாலரா, இரண்டரை லட்சம் டாலரா என்று அவரவரே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுப் பராமரிப்புக்குத் தரும் கட்டணமும் 2021 ஜூலையில் பெரும்பாலும் பழைய கட்டணத்தில் 55 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. படுக்கையில் இருந்தவர்கள் பலர் பராமரிக்க ஆளின்றித் தவித்தார்கள். சட்டம் திருத்தப்படுவதற்கு முன்பே அடிபட்டவர்களுக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது என்று 2023 ஜூலை 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னால் அடிபட்டவர்களுக்கு அந்த நிவாரணம் இல்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. உடல்நலக் காப்பீடு அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டும். வருடக்கணக்கில் வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவைப் பொதுவாகக் கட்டாது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடல்ல.

அங்கே இருக்கும் பிள்ளைகளே, பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். கார் விபத்தென்றால் எது முதலில் கட்டும், எவ்வளவு வரை கட்டும், வீட்டுப் பராமரிப்பு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவனமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்