காட்கோபரில் இரு குழாய்கள்: மும்பையின் மீள்பயன்பாட்டு நீர்த் திட்டத்தின் முன்கதை

காட்கோபரின் மேற்குப் பகுதியில், தான்சா ஏரியிலிருந்து வரும் குடிநீர்ப் பெருங்குழாய் குடியிருப்புகளின் நடுவே செல்கிறது. அதே காட்கோபரின் கிழக்கு ஓரத்தில், தானே கழிமுகத்தை ஒட்டி, கிழக்குப் புறநகரின் சாக்கடை நீர் வந்து சேரும் குட்டைகள் இருக்கின்றன. முன்னது நகருக்கு வரும் நீர். பின்னது நகரம் கைகழுவும் நீர். இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். எனினும் மும்பையின் குடிநீரும் கழிவுநீரும் நெடுங்காலமாகத் தனித்தனித் துறைகளின் பொறுப்பிலேயே இருந்து வந்துள்ளன. இவ்விரண்டையும் இணைக்க மாநகராட்சி இப்போது திட்டமிடுகிறது. அதன் பொருளை உணர, அந்தப் பிரிவினையின் வரலாற்றை அறிய வேண்டும்.

நீர் பற்றாக்குறை நேர்ந்தபோதெல்லாம் மும்பை வடக்கு நோக்கியே சென்றது. 1860இல் விஹார், 1879இல் துளசி, 1892இல் தான்சா என ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. விடுதலைக்குப் பின் வைதரணா, பாட்சா ஆறுகளில் அணைகள் கட்டப்பட்டன. 2014இல் மத்திய வைதரணா அணை சேர்ந்தது. இன்று ஏழு ஏரிகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 390 கோடி லிட்டர் நீர் நகருக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருவது.

வந்த நீர் எங்கே போகிறது என்ற கேள்வி வெகு தாமதமாகவே எழுந்தது. காட்கோபர் 1950இல்தான் பெருமும்பை மாநகராட்சியுடன் இணைந்தது. மக்கள் பெருகிய வேகத்துக்குச் சாக்கடைக் குழாய்கள் ஈடுகொடுக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் தொடங்கி உலக வங்கிக் கடனுதவியுடன் மாநகராட்சி நிறைவேற்றிய கழிவுநீர் அகற்றும் திட்டம் நகரை ஏழு மண்டலங்களாகப் பிரித்தது. மேற்கே வொர்லியிலும் பாந்திராவிலும், கடலுக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகச் சுரங்கம் அமைத்துக் கழிவுநீரை வெளியேற்றினர். ஆழ்கடல் அதனைக் கரைத்துவிடும் என்பது கணக்கு. கிழக்கில் அந்தக் கணக்கு செல்லாது. தானே கழிமுகம் ஆழமற்றது, நீரோட்டமும் குறைவு. எனவே காட்கோபரிலும் பாண்டுப்பிலும் காற்றூட்டும் குட்டைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் எந்திரங்கள் நீரைக் கலக்கிக் காற்றேற்ற, நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். அவ்வாறு ஓரளவு தெளிந்த நீர் கழிமுகத்தில் விடப்படும். திட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: அகற்றுதல். மீட்டெடுத்தல் அன்று.

மீட்டெடுக்க முடியும் என்பதற்கான சான்று வெகு அருகிலேயே இருந்தது. செம்பூரின் ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் உர ஆலை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, மாநகராட்சியின் சாக்கடை நீரை நாளொன்றுக்கு 2.27 கோடி லிட்டர் அளவில் பெற்று, அதிலிருந்து 1.5 கோடி லிட்டர் தொழில்நீர் எடுக்கும் நிலையத்தை நிறுவியது. மாநகராட்சி நீர் குறைந்தால் ஆலையே நிற்கும் என்பதே அதற்குக் காரணம். சென்னை மணலியின் ஆலைகளும் அதே காரணத்தால் 1990களிலேயே கொடுங்கையூர்க் கழிவுநீரை நாடின. ஆக, தொழில்நுட்பம் கையில் இருந்தது. தேவையை உணர்ந்த ஆலைகளும் இருந்தன. நகரம் முழுமைக்குமான திட்டம்தான் இல்லை.

2023 ஜனவரி 19 அன்று வொர்லி, பாந்திரா, மாலாட், வெர்சோவா, காட்கோபர், தாராவி, பாண்டுப் ஆகிய ஏழு இடங்களில் புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு சுமார் 17,200 கோடி ரூபாய். மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 246 கோடி லிட்டர். இதில் தாராவியின் பங்கு 41.8 கோடி, காட்கோபரின் பங்கு 33.7 கோடி, பாண்டுப்பின் பங்கு 21.5 கோடி லிட்டர். மூன்றும் சேர்ந்தால் 97 கோடி லிட்டர். தாராவியிலிருந்து காட்கோபர் வழியாகப் பாண்டுப் வரை, மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் பிந்தைய நீரைக் கொண்டுசெல்லும் நிலத்தடிச் சுரங்கம் ஒன்றையும் மாநகராட்சி திட்டமிட்டது. ஏரி நீரைக் குடிநீராக்கும் பெருநிலையம் அமைந்திருப்பதும் பாண்டுப்பில்தான். நூற்று அறுபது ஆண்டுகளாக வடக்கிலிருந்து தெற்கே மட்டுமே ஓடிய நீர், முதன்முறையாகத் தெற்கிலிருந்து வடக்கே திரும்பப் போகிறது.

இந்த 97 கோடி லிட்டரை எதனுடன் ஒப்பிடுவது? பால்கர் மாவட்டத்தின் வாடா வட்டத்தில் மாநகராட்சி கட்ட விரும்பும் கார்காய் அணை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் தரும் என்பது மதிப்பீடு. அதற்காகத் தான்சா சரணாலயக் காட்டில் லட்சக்கணக்கான மரங்கள் வீழ வேண்டும். பழங்குடி மக்கள் வாழும் கிராமங்கள் இடம்பெயர வேண்டும். தாராவியும் காட்கோபரும் பாண்டுப்பும் திருப்பித் தரக்கூடிய நீர் அந்த அணையின் அளவைப் போல் இருமடங்குக்கும் மேல். மீட்ட நீர் அணைக்கு மாற்றாகுமா, அல்லது அணையும் வேண்டும், மீட்ட நீரும் வேண்டும் என்று நகரம் கேட்குமா என்பதே திட்டத்தின் மையக் கேள்வி. கொள்ளளவைக் குறிக்கும் அட்டவணைகளில் அதற்கு விடை கிடையாது.

வேறு கேள்விகளும் உள்ளன. மீட்ட நீரை ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் பூங்காக்களுக்கும் கழிப்பறைகளுக்கும் கொடுக்கத் தனிக் குழாய் வலை வேண்டும். நெருக்கமான பழைய தெருக்களில் அதைப் பதிப்பது எளிதன்று. தோல், சாயப் பட்டறைகளின் கழிவு வீட்டுச் சாக்கடையில் கலந்தால் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் தடுமாறும். எனவே கட்டுப்பாடு பட்டறை வாசலிலேயே தொடங்க வேண்டும். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற தானே கழிமுகத்தில் பூநாரைகளின் இரை, கழிவுநீர் தரும் ஊட்டத்தாலும் பெருகியது. நீர் தூய்மையாகும்போது அதன் போக்கையும் கவனித்தாக வேண்டும்.

இறுதியாக, பங்கீடு. காட்கோபரின் மேற்குக் குன்றுகளில், அசல்ஃபா போன்ற குடியிருப்புகளில், குழாயில் நீர் வரும் நேரத்தைக் கொண்டே நாளின் வேலைகள் அமைகின்றன. ஆலைகளும் பூங்காக்களும் மீட்ட நீருக்கு மாறினால் மிச்சமாகும் ஏரி நீர் அந்தக் குன்றின் மேல் ஏற வேண்டும். அதை முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்யும் திட்டமே உள்ளாட்சித் திட்டம் எனத் தகும். இல்லையெனில், மலையடிவாரத்தில் சுத்திகரிக்கப்படும் நீரின் பயன் மலையுச்சிக்கு எட்டாமலே போகும்.