ஆங்கில ஒப்புமைச் சொற்களின் வரலாறு

‘இது அதைப் போன்றது’, ‘இது அதிலிருந்து வேறுபட்டது’, ‘இது அதைவிடப் பெரியது’ என்று சொல்ல ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொற்கள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஒரு பகுதி ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய ஆங்கிலத்தின் சொத்து. மற்றொரு பகுதி 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு, லத்தீன் வழியாக நுழைந்தது. இவற்றின் மீது 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் விதித்த விதிகள் மூன்றாவது அடுக்காக அமைந்தன. ஆங்கிலம் படிக்கும் மாணவர் மதிப்பெண் இழக்கும் இடங்கள் பல இந்த மூன்றாவது அடுக்கில் உள்ளன. அவ்விதிகளுள் சில, அம்மொழியின் பழைய வழக்கோடு பொருந்தாதவை என்பதே கவனிக்க வேண்டியது.

பழைய ஆங்கிலச் சொற்கள்

ஒப்புமை காட்டும் ‘லைக்’ என்ற சொல்லின் உள்ளே ‘உடல்’ இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். அதன் முன் ‘கூட’ என்ற பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து, ‘ஒரே உடலை உடையது’, அதாவது ‘ஒத்த வடிவுடையது’ என்ற சொல் பிறந்தது. உடல் என்ற பொருள் பின்னர் பிணத்தை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. இங்கிலாந்தின் பழைய தேவாலய வாசல்களில், சவப்பெட்டியைச் சற்று இறக்கி வைக்கும் கூரை வேய்ந்த நுழைவாயிலை இன்றும் ‘லிச்கேட்’ என்பார்கள். ‘ஃபிரெண்ட்லி’ என்ற சொல்லின் கடைசியில் நிற்கும் ‘லி’யும் இதே வேரிலிருந்து தேய்ந்து வந்ததே.

‘வேறு’, ‘மற்ற’ என்னும் பொருளில் வழங்கும் ‘அதர்’ முதலில் ‘இரண்டாவது’ என்ற எண்ணுப் பெயராகவும் இருந்தது. பிரெஞ்சிலிருந்து ‘செகண்ட்’ வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை ‘எவ்ரி அதர் டே’ என்று சொல்வதில் மட்டும் பழைய பொருள் தங்கியிருக்கிறது.

‘அருகில்’ என்று பொருள்படும் ‘நியர்’ இன்னும் வியப்பானது. ஒரு காலத்தில் ‘நை’ என்பதே அருகில். ‘நியர்’ என்றால் அதைவிட அருகில். ‘நெக்ஸ்ட்’ என்றால் எல்லாவற்றிலும் அருகில். நாளடைவில் ‘நியர்’ ஓர் ஒப்புமைச் சொல் என்பதே மறந்துபோனது. எனவே அதன்மேல் மீண்டும் ஒரு விகுதி சேர்த்து ‘நியரர்’ என்றார்கள். இலக்கணக் கணக்கில் இது இரட்டை ஒப்புமை. ஆனால் இதைப் பிழை என்று எவரும் சொல்வதில்லை.

‘விட’ என்ற பொருளில் வரும் ‘தேன்’, ‘பிறகு’ என்ற பொருளில் வரும் ‘தென்’ ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் இரு கிளைகள். ‘இவன் உயரமானவன், அதற்குப் பிறகு அவன்’ என்ற வரிசைமுறையிலிருந்தே ‘அவனைவிட’ என்ற பொருள் வளர்ந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஏறத்தாழ 1700 வரை இவற்றின் எழுத்துக் கூட்டல் மாறி மாறி வந்தது. இன்று இவற்றை மாற்றி எழுதுபவர் அந்தக் கால அச்சகத்தாருக்குப் பிழை செய்தவராகத் தோன்றியிருக்கமாட்டார்.

கடனாக வந்தவை

‘கம்பேர்’ என்ற சொல் ‘பார்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘பார்’ என்றால் சமம். இதே வேரிலிருந்துதான் ‘பேர்’ (இணை), ‘பியர்’ (நிகரானவர்) ஆகியவையும் கிளைத்தன. கிரிக்கெட் ரசிகருக்குத் தெரிந்த ‘அம்பயர்’ என்பதும் இந்தக் குடும்பமே. இருவருக்கும் நிகரல்லாத மூன்றாமவர் என்ற கருத்தில் பழைய பிரெஞ்சில் வழங்கிய ‘நோன்பேர்’ என்ற சொல், ஆங்கிலத்தில் முதல் ‘ந’வை முன்னிற்கும் ‘அ’ என்ற சுட்டுக்குக் கொடுத்துவிட்டு ‘அம்பயர்’ ஆனது.

‘டிஃபர்’ என்பது லத்தீனில் ‘தனித்தனியே எடுத்துச் செல்’ என்று பொருள்படும். அதே வினைக்குத் ‘தள்ளிப்போடு’ என்ற பொருளும் உண்டு. ஆங்கிலம் ஒன்றை இரண்டாகப் பிரித்து, வேறுபடுதலுக்கு ‘டிஃபர்’ என்றும் ஒத்திவைத்தலுக்கு ‘டெஃபர்’ என்றும் வைத்துக்கொண்டது.

‘கான்ட்ராஸ்ட்’ இவற்றைவிடப் பிந்தியது. எதிர்த்து நிற்றல் என்ற லத்தீன் வேர் உடையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியக் கலைச் சொல்லாக அது ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஒளியையும் நிழலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டையும் எடுப்பாகக் காட்டும் உத்தியைக் குறித்தது. ஆகவே இச்சொல்லுக்கு வெறும் வேறுபாடு என்று பொருள் கொள்வது போதாது. ஒன்றின் அருகில் நிற்பதாலேயே மற்றொன்று துலங்குகிறது என்பதே அதன் உயிர்.

விதிகள் வந்த கதை

சிறிய சொற்களுக்கு ‘அர்’, ‘எஸ்ட்’ விகுதிகள், நீண்ட சொற்களுக்கு ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்ற இன்றைய பங்கீடு மெல்ல மெல்ல உருவானது. இடைக்காலத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் அழுத்தம் தரும் வழக்காக இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆன்டனி ஆற்றும் இரங்கல் உரையிலேயே அது வருகிறது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ‘லெஸ்’ மேல் மீண்டும் விகுதி ஏற்ற ‘லெஸ்ஸர்’ என்ற சொல்லைப் பாமரர் கெடுத்த வடிவம் என்று கடிந்தார். 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத்தும் இரட்டை ஒப்புமையைக் குற்றமாகவே கருதினார். ஆனால் சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பில் இறைவனைக் குறித்து வரும் இரட்டை உயர்வை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். உயர்ந்தவற்றுக்கெல்லாம் மேலானவருக்கு அது தகும் என்பது அவர் வாதம். பின்னாளில் லண்டன் பிஷப்பானவர் அவர். மக்கள் வாயில் பிழை, வேதத்தில் அணி என்ற இந்தத் தராசு சமமானது அல்ல.

‘டிஃபரன்ட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஃப்ரம்’ மட்டுமே வரவேண்டும் என்பது மற்றொரு விதி. ‘டிஃபரன்ட் டு’ 16ஆம் நூற்றாண்டிலிருந்தும் ‘டிஃபரன்ட் தேன்’ 17ஆம் நூற்றாண்டிலிருந்தும் எழுத்தில் காணப்படுகின்றன. முன்னது பிரிட்டனிலும் பின்னது அமெரிக்காவிலும் இன்றும் பரவலாக உண்டு. ஹென்றி ஃபவுலர் 1926இல் வெளியிட்ட வழக்கு அகராதியில், ‘ஃப்ரம்’ மட்டுமே சரி என்பதை ஒரு மூடநம்பிக்கை என்றே ஒதுக்கினார். தமிழ் மாணவருக்கு ‘ஃப்ரம்’ எளிதாக வருவதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்ற நான்கு பொருள்களைச் சொல்கிறது. பிரிவதும் ஒப்பிடுவதும் ஒரே உருபில் அடங்குகின்றன. ‘அதைவிட’ என்பதிலும் ‘விடு’ என்ற வினை இருக்கிறது. அவருக்குக் கடினமாவது விகுதிதான். தமிழில் ‘பெரிய’ என்ற அடை எத்தனை பொருள்களை ஒப்பிட்டாலும் வடிவம் மாறுவதில்லை.

எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ணமுடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்ற விதியின் பிறப்பு மிகச் சாதாரணமானது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றிய குறிப்புகளை நூலாக வெளியிட்டார். ஜான்சனின் பெரிய அகராதியைத் தாம் கண்டதே இல்லை என்று அதில் அவரே சொல்லிக்கொள்கிறார். எண்ணிக்கையைக் குறிக்கப் பெரும்பாலோர் ‘லெஸ்’ என்றே சொல்கிறார்கள், ‘ஃபியூவர்’ அதைவிட நயமாகவும் பொருத்தமாகவும் தமக்குத் தோன்றுகிறது என்பதே அவர் எழுதியது. தனி ஒருவரின் விருப்பம் என்ற அடையாளத்தோடுதான் அது அச்சேறியது. பின்வந்த பாடநூல்கள் அந்த அடையாளத்தை உதிர்த்துவிட்டு விருப்பத்தை விதியாக்கின. 9ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஆல்ஃபிரட் மன்னர் காலத்து உரைநடையிலேயே எண்ணக்கூடியவற்றோடு ‘லெஸ்’ வந்துள்ளது.

பிரிட்டனின் பேரங்காடிகளில், பத்துப் பொருளுக்கு மேல் வாங்காதவர்களுக்கான விரைவு வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகை வைப்பது வழக்கம். இலக்கணப் பற்றாளர்கள் இதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2008இல் டெஸ்கோ நிறுவனம் ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ இரண்டையும் விட்டுவிட்டு, ‘பத்துப் பொருள்கள் வரை’ என்று பொருள்படும்படி பலகையை மாற்றிக்கொண்டது.