பிறழ் சாட்சிகளும் ஒரு சின்னக் காஞ்சிபுரத்து வழக்கும்

எங்க பக்கத்துல சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவங்களுக்கும் ஒரு எண் தெரியும்: 506(2). வரப்புத் தகராறோ வாய்க்கால் சண்டையோ, "உன்னை உயிரோட விடமாட்டேன்"னு ஒருத்தர் சொல்லிட்டா, புகாரில் அந்த எண் வந்து உட்கார்ந்துடும். 1862 ஜனவரி 1 முதல் நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்ற மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை, கொலை மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 351 ஆகிவிட்டது. டீக்கடையில் இன்னும் 506தான்.

ஆனால் இந்தப் பிரிவு நிற்க, யார் யாரை என்ன சொல்லி மிரட்டினார் என்று கோர்ட்டில் காட்டணும். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஊருக்குள் பரவுற பயத்தை எந்தப் பிரிவில் போடுவது? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது சின்னக் காஞ்சிபுரத்து வழக்கு.

2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். விஷ்ணு காஞ்சி காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது. காஞ்சி சங்கர மடத்தின் மேல் குறை சொல்லி அவர் கடிதங்கள் எழுதியதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. நவம்பரில் தீபாவளி சமயத்தில் ஜெயேந்திரர் கைதானார். காஞ்சிபுரம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வாசலில் நாடே வந்து நின்ற மாதிரி கூட்டம்.

இதில் பயம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. செங்கல்பட்டு கோர்ட்டில் நடக்கவேண்டிய விசாரணையை 2005 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் புதுச்சேரிக்கு மாற்றியது. தண்டனை வாங்கித்தருவதில் தமிழக அரசு வழக்கத்துக்கு மீறிய வேகம் காட்டுகிறது, மக்கள் மனசில் அச்சத்தை உண்டாக்குகிறது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். மடத்தின் 183 வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதும் அங்கே பேசப்பட்டது.

புதுச்சேரியில் 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டாங்க. அதில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனாங்க. 2013 நவம்பர் 27 அன்று 23 பேரும் விடுதலை. அந்த 83 பேரில் யார் பயந்து மாறினார், யார் போலீஸ் எழுதினதை "நான் சொல்லவே இல்லை" என்று உண்மையாகவே மறுத்தார் என்று வெளியில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. சங்கரராமனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு மட்டும் கோர்ட்டில் பதில் கிடைக்கவில்லை.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. பொய்ச் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டினால் 7 ஆண்டு வரை என்று 195ஏ பிரிவு 2006இல் வந்தது. 2018 டிசம்பரில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு சுப்ரீம் கோர்ட் ஒப்புதல் கொடுத்து, நாடு முழுக்கச் செல்லும் என்றது. மிரட்டல் இருந்தால் சாட்சி மனு போடலாம்; போலீஸ் அறிக்கை வாங்கிப் பாதுகாப்பு தரணும்.

நகரத்தில் இருக்கிற நீங்க பேப்பரில் "பிறழ் சாட்சி"ன்னு படிச்சா, விலைபோயிட்டான்னு நினைப்பீங்க. கிராமத்தில் சாட்சியும் எதிரியும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போய், ஒரே பஸ்ஸில் திரும்பணும். மறுநாள் இரண்டு பேருக்கும் தண்ணி ஒரே மடையில்தான். அந்த மறுநாளுக்கு யார் காவல் என்பது தெரிந்தால்தான் ஒருத்தர் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொல்வார்.